வடசென்னையிலிருந்து நாட்டு நடப்பைப் பின்தொடர்வது எப்படி?

நாளிதழ் வாசிக்கும் பழக்கத்தைப் புதிதாகத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்காகவும், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வரிகளை மட்டுமே பார்த்துப் பழகிவிட்ட பெரியவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் இது ஓரளவு உதவும். ஆனால் நடப்பு நிகழ்வுகளை ஒரு வரி வினா விடைகளாக நறுக்கித் தருகிற வேலையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அரசியல், பண்பாடு, விளையாட்டு, உலகப் போர்கள் என்று தினமும் வந்து குவிகிற எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள முயல்பவர் விரைவில் சலித்துப்போவார். துறைக்கு ஒரு விவகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஒரு முடிவுக்கு வரும்வரை விடாமல் பின்தொடர்பவருக்கோ, சில மாதங்களில் மற்றச் செய்திகளும் புரியத் தொடங்கிவிடும். எடுத்துக்கொள்ளும் விவகாரம் வீட்டு வாசலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. துறைமுகமும் ஆலைகளும் மீன்பிடித் துறையும் அடுத்தடுத்து அமைந்த வடசென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய நாளிலிருந்தே, தில்லியிலும் இலண்டனிலும் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் தங்கள் கூலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டுப் பழகிய பகுதி இது.

முதல் வேலை: எதைப் படிப்பது, எங்கே படிப்பது

இரண்டு நாளிதழ்கள் போதும். ஒன்று உள்ளூர்ச் செய்திகளை நிறையத் தருவதாக இருக்கட்டும். தினத்தந்தி அல்லது தினகரன் அதற்குப் பொருந்தும். மற்றொன்று கட்டுரைப் பக்கங்களுக்கு இடம் ஒதுக்குவதாக இருக்கட்டும். இந்து தமிழ் திசை, தினமணி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றோடு வாரத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு கட்சி அல்லது இயக்க நாளேட்டைப் புரட்டுவது நல்லது. தி.மு.க.வின் முரசொலியோ மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரோ திராவிடர் கழகத்தின் விடுதலையோ எதுவானாலும், அது யாருடைய குரல் என்பது முன்பே தெரிந்துவிடுவதால், பொது நாளிதழ்களில் சார்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கண் பழகும்.

காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் கிளை நூலகம் இருக்கிறது. பழைய இதழ்கள் தேவைப்படும்போது எழும்பூர் கன்னிமாரா நூலகம் அரை மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது. டீக்கடையும் இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ காலை நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், நாளிதழ் ஒருபோதும் முழுதாக ஒருவர் கையில் இருப்பதில்லை என்பதைக் காணலாம். முதல் தாள் வேட்டி கட்டிய பெரியவரிடம் இருக்கும்; விளையாட்டுப் பக்கத்தை இரண்டு பையன்கள் ஆளுக்கொரு முனையில் பிடித்திருப்பார்கள்; தலையங்கமும் கட்டுரைகளும் உள்ள நடுத்தாள் மட்டும் கண்ணாடிக் கிளாஸின் ஈர வட்டம் பதிந்து கேட்பாரற்றுக் கிடக்கும். அந்தத் தாளைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். முதல் பக்கம் நேற்று என்ன நடந்தது என்று சொல்கிறது. ஏன் நடந்தது என்பதற்குப் பெரும்பாலும் நடுப்பக்கத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேலை: ஒரு நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு விவகாரம். இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தேதி, இடம், எந்த அதிகாரத்தில் இருப்பவர் என்ன செய்தார், அரசாணையா, தீர்ப்பா, அறிக்கையா, வெறும் பேட்டியா. வலப்பக்கத்தில் அதைப்பற்றி யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பது வரட்டும். இரண்டையும் கலக்காமல் இருக்கப் பழகுவதே இந்தப் பயிற்சியில் பாதி.

பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். நீதிமன்றத்தில் வாய்தா என்பார்களே, அதைப்போல ஒவ்வொரு பொது விவகாரத்துக்கும் ஓர் அடுத்த தேதி உண்டு: அடுத்த விசாரணை, அடுத்த மாமன்றக் கூட்டம், சட்டமன்றத்தில் ஒரு துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும் நாள், கணக்கெடுப்பு தொடங்கும் நாள். அந்தத் தேதியன்று செய்தி வந்ததா என்று பாருங்கள். வராவிட்டால், வரவில்லை என்பதையே எழுதுங்கள். செய்தித்தாள்கள் மறந்துவிட்ட விவகாரங்களை வாசகர் மறக்காமல் இருப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

பழகுவதற்கு ஏற்ற முதல் விவகாரம்: எண்ணூர்

எந்த விவகாரத்தில் கை பழகுவது என்று கேட்பவர்களுக்கு, 2023 டிசம்பரில் எண்ணூரில் நடந்த எண்ணெய்க் கசிவை நான் பரிந்துரைப்பேன். ஏறக்குறைய எல்லாப் பாடங்களும் அதில் இருக்கின்றன. மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை அடைந்தது. எண்ணூர்ப் பகுதியின் குப்பங்களில் படகுகளும் வலைகளும் கருந்தாராகப் பிசுபிசுத்தன. போதிய கருவிகள் வந்துசேராத நாள்களில் மீனவர்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். இது செய்தியின் முதல் அடுக்கு. புகைப்படங்கள் இங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் அடுக்கு, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மணலியிலுள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்தின் வளாகத்திலிருந்து மழைநீரோடு எண்ணெய் வெளியேறியதாகச் சொன்னது. தங்கள் குழாய்களில் கசிவில்லை என்று நிறுவனத் தரப்பு விளக்கம் தந்தது. கவனித்துப் பார்த்தால் இரண்டு கூற்றுகளும் நேருக்கு நேர் மோதவில்லை என்பது புலப்படும்: குழாயில் உடைப்பு இல்லாமலேயே வளாகத்தில் தேங்கிய எண்ணெய் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படலாம். மறுப்பு அறிக்கைகளைப் படிக்கும்போது எது மறுக்கப்பட்டது, எது மறுக்கப்படாமல் விடப்பட்டது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்.

மூன்றாம் அடுக்கு, யார் விசாரிக்கிறார்கள் என்பது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு செய்திகளின் அடிப்படையில் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. நான்காம் அடுக்கு, பணம்: பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுச் சீரமைப்புக்கு 10,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. அறிவித்த தொகை வேறு, கைக்கு வந்த தொகை வேறு, பட்டியலில் விடுபட்டவர்கள் வேறு. இந்த மூன்றையும் தனித்தனி வரிகளாக எழுதினால்தான் பிறகு யாரிடம் கேள்வி கேட்பது என்பது தெளிவாகும். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது தனி விவகாரம். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நோட்டில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

அரசியல்: ஓர் எல்லைக்கோடு, ஒரு தீர்ப்பு

அரசியல் செய்தி என்றால் தலைவர்களின் வாய்ச்சண்டை என்று நினைத்துவிட்டவர்கள், தொகுதி மறுவரையறையிலிருந்து, அதாவது மக்கள்தொகைக்கேற்பத் தொகுதிகளைப் புதிதாக வகுப்பதிலிருந்து தொடங்கலாம். வீட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர் யாரேனும் இருந்தால், 2011-க்கு முன்பு எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வாக்களித்தீர்கள் என்று கேளுங்கள். புரசைவாக்கம் என்று பதில் வந்தால், இன்று அந்தப் பெயரில் ஒரு தொகுதி இல்லை என்பதிலிருந்து பாடம் தொடங்கிவிடும். 2008-இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் அது மறைந்தது, கொளத்தூர், திரு.வி.க. நகர் போன்ற தொகுதிகள் புதிதாக வந்தன. இன்றைய வடசென்னை மக்களவைத் தொகுதி திருவொற்றியூர், டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது.

அப்போது மாறியவை மாநிலத்துக்குள் எல்லைகள் மட்டுமே. தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 39 என்பது மாறவில்லை. மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பங்கிடும் கணக்கு 1971 மக்கள்தொகையிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. 2002-இல் நடைமுறைக்கு வந்த 84-ஆவது அரசமைப்புத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அந்த நிறுத்தத்தை நீட்டித்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குரிய நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டதும், 2025 மார்ச் 22 அன்று பல மாநிலத் தலைவர்கள் மறுவரையறை பற்றிப் பேசச் சென்னையில் கூடியதும் ஏன் ஒரே நூலில் கோக்கப்பட்டவை என்பது இப்போது விளங்கும். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னால் நின்ற மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கலாமா என்பது ஒரு தரப்பின் கேள்வி. ஒவ்வொரு வாக்குக்கும் சம மதிப்பு வேண்டாமா என்பது மறுதரப்பின் கேள்வி. இரண்டையும் வலப்பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் சாய்வு எதுவாக இருந்தாலும், எதிர்த்தரப்பு வாதத்தை அதன் வலுவான வடிவில் எழுதிப் பார்க்காதவர் விவாதத்தில் முதல் கேள்விக்கே தடுமாறுவார்.

தீர்ப்புகளைப் பின்தொடர்வது சற்றுக் கடினம். ஆளுநர் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் ஒப்புதல் தராத பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்து, ஆளுநர்களுக்குக் காலக்கெடுவும் வகுத்தது. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அப்படிக் காலக்கெடு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு ஏப்ரல் தீர்ப்பு ரத்தாகிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் இரண்டாவது, அரசமைப்பின் 143-ஆவது பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு நீதிமன்றம் அளித்த கருத்துரை. முதலாவது, ஒரு வழக்கில் இரு தரப்புக்கிடையே வழங்கப்பட்ட தீர்ப்பு. இரண்டின் தன்மையும் விளைவும் ஒன்றல்ல. எனவே நீதிமன்றச் செய்தி எதைப் படித்தாலும் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: எத்தனை நீதிபதிகள், எந்தப் பிரிவின்கீழ், இறுதித் தீர்ப்பா இடைக்கால ஆணையா. இந்த மூன்றும் இல்லாத செய்தியாக இருந்தால் வேறொரு நாளிதழைப் பார்ப்பது நல்லது. முக்கியமான தீர்ப்புகள் பலவற்றின் தமிழாக்கத்தை உச்ச நீதிமன்றமே வெளியிடுகிறது. நடை கரடுமுரடாக இருக்கும், ஆயினும் மூலத்துக்கு அருகில் நிற்பது அதுவே.

போர்கள்: வரைபடத்தை முதலில் விரியுங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற செர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ‘எங்கோ நடக்கும் சண்டை நமக்கெதற்கு’ என்று கேட்பவர்களுக்கு வடசென்னை வைத்திருக்கும் பழைய பதில் அது. புதிய பதில் செங்கடலில் இருக்கிறது. காசா போர் தொடங்கியதை அடுத்து, 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹவுத்திப் படையினர் அவ்வழியே செல்லும் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். கப்பல் நிறுவனங்கள் பல சூயஸ் கால்வாயைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போயின. சென்னை, காட்டுப்பள்ளித் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குகளின் பயணம் பல நாள் நீண்டது. கன்டெய்னர் வாடகை ஏறியது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பொருள்களும் அந்தச் சரக்குகளில் அடக்கம்.

ஆகவே சுவரில் ஓர் உலக வரைபடத்தை மாட்டி, சென்னையிலிருந்து சூயஸ் வழியாக நெதர்லாந்தின் ராட்டர்டாம் வரை ஒரு நூலையும், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இன்னொரு நூலையும் ஒட்டிப் பாருங்கள். செங்கடலின் தெற்கு வாயிலான பாப் எல் மன்டெப் நீரிணை எவ்வளவு குறுகலானது என்று கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த நாள் செய்தி வேறு விதமாகப் புரியும். உக்ரைன் போருக்கும் இதே முறை பொருந்தும்: 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏன் எகிறியது என்பதற்கு, இந்தியா அந்த எண்ணெயைப் பெரும்பாலும் கருங்கடல் நாடுகளிலிருந்து வாங்கியது என்பதே விடை.

போர்ச் செய்திகளில் எண்களை எப்போதும் சொன்னவரோடு சேர்த்தே எழுதுங்கள். காசாவில் இறந்தோர் எண்ணிக்கை என்றால், ‘காசா சுகாதார அமைச்சகம் கூறியது’ என்பதையும், இஸ்ரேலிய இராணுவம் தரும் எண்ணென்றால் அதன் பெயரையும் விடக்கூடாது. ஹேக் நகரிலிருந்து வரும் செய்தியென்றால் எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். ஐ.நா.வின் பன்னாட்டு நீதிமன்றம் நாடுகளுக்கிடையேயான வழக்குகளை விசாரிக்கிறது. 2023 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா இஸ்ரேல்மீது வழக்குத் தொடுத்தது அங்கே. தனி மனிதர்களை விசாரிக்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் வேறு; புதினுக்கும் நெதன்யாகுவுக்கும் பிடியாணை பிறப்பித்தது அது. இந்தியா அதில் உறுப்பு நாடு அல்ல என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டும் பண்பாடும்

விளையாட்டில் நம் பகுதியினருக்கு ஆலோசனை சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஸ்கோரைத் தாண்டிப் படியுங்கள். 2025-இல் ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடர் உரிய காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனபோது, வியாசர்பாடியில் பந்து உதைக்கும் பையன்கள்கூடக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வணிகச் செய்திகளைத்தான் படிக்க வேண்டியிருந்தது. தேசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தொடரை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிவடைய இருந்ததே சிக்கல். 2024 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வென்றபோது, கிரிக்கெட்டுக்குக் கிடைக்கும் இடத்தில் ஒரு துளிதான் அதற்குக் கிடைத்தது. கேரம் வீரர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கிறதா, எந்தெந்தத் துறைகளில் என்பதைப் பின்தொடர ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

கிரிக்கெட்டும் போரும் கலக்கும் இடத்தில் நிதானம் தேவை. 2025 செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பையை வென்ற இந்திய அணி, பாகிஸ்தான் அமைச்சராகவும் ஆசியக் கிரிக்கெட் கவுன்சில் தலைவராகவும் இருந்தவரின் கையால் கோப்பையை வாங்க மறுத்தது. 1999 ஜனவரியில், கார்கில் போருக்குச் சில மாதங்கள் முன்பு, சேப்பாக்கத்தில் 12 ரன்னில் தோற்ற வருத்தத்தையும் மீறிச் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கை தட்டினார்கள். இவ்விரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி, இடையில் என்னென்ன நடந்தன என்று தேதி வாரியாக நிரப்பினால், இந்திய–பாகிஸ்தான் உறவின் கால் நூற்றாண்டு அந்த ஒரே தாளில் அடங்கிவிடும்.

பண்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு 5,300 ஆண்டுகள் பழமையானது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கணிப்பு சிவகளை உள்ளிட்ட அகழாய்வு இடங்களில் கிடைத்த மாதிரிகளின் ஆய்வக முடிவுகளைச் சார்ந்தது. பெருமைப்படுவதும் ஐயப்படுவதும் பிறகு இருக்கட்டும். எந்த மாதிரி, எந்த அடுக்கில் கிடைத்தது, எந்த ஆய்வகம் காலம் கணித்தது என்று முதலில் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை என்ன செய்வது

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொலிகள் பரவின. தமிழ்நாடு காவல்துறை அவை பொய்யானவை என்று விளக்கியது. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சண்டைகளின் பதிவுகள் அவற்றில் இருந்தன. ஆனாலும் அச்சத்தில் தொழிலாளர்கள் பலர் ஊருக்கு இரயில் ஏறினார்கள். மாதவரம், மணலி, எண்ணூர்ப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர்களோடு ஒரே தெருவில் வாழும் நமக்கு அந்த வாரம் நினைவிருக்க வேண்டும். 2025 மே மாத இந்திய–பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகம் தகர்க்கப்பட்டுவிட்டது என்று சொன்னவை பெரிய தொலைக்காட்சிகள். அதுவும் உண்மையாக இருக்கவில்லை. ஆகவே பொய் கைப்பேசியிலிருந்து மட்டுமே வரும் என்றும் நம்பிவிட முடியாது.

செய்ய வேண்டியது எளிது. காணொலியில் பேசுபவர்களின் மொழி, கடைப் பலகை, வண்டியின் பதிவெண், உடைகள் ஆகியவை சொல்லப்படும் இடத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து, படத்தைக் கொண்டு தேடும் வசதியில் இட்டால் அது எப்போது முதலில் வெளிவந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தையும் பார்க்கலாம். ஆனால் செய்தி அரசைப் பற்றியதாக இருந்தால் அரசுக்கு வெளியே இன்னொரு சான்று தேடுங்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் மறுநாள் காலை வரை யாருக்கும் அனுப்பாமல் பொறுத்திருங்கள்.

கூடிப் பேசுதல்

தனியாகப் படிப்பது சில வாரங்களில் தளர்ந்துவிடும். நான்கைந்து பேர் சேர்ந்து, ஞாயிறு மாலை நூலகத்திலோ மன்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு மணி நேரம் கூடுங்கள். ஆளுக்கு ஒரு விவகாரம் பொறுப்பாக இருக்கட்டும். பேச வருபவர் நறுக்கி எடுத்த செய்தித் துண்டையோ ஆவணத்தின் படியையோ கையில் கொண்டுவர வேண்டும் என்பதை முதல் விதியாக வையுங்கள். ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்று தொடங்கும் பேச்சு அதனாலேயே பாதி குறைந்துவிடும். கட்சி உறுப்பினர்களை விலக்க வேண்டாம். உட்செய்தி அவர்களிடம்தான் இருக்கும். எந்தக் கட்சியிலிருந்து பேசுகிறார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். பெண்கள் வரக்கூடிய நேரமும் இடமுமாகத் தேர்ந்தெடுங்கள். குடிநீர், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகிய விவகாரங்களில் அலுவலக வாசலில் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான் என்பதால், செய்தித்தாளில் இல்லாத விவரங்கள் அவர்களிடமிருந்தே வரும்.

கூட்டத்தின் முடிவில் ஒருவர் எல்லாருடைய நோட்டுகளிலும் உள்ள அடுத்த தேதிகளை ஒரு தாளில் படியெடுத்துச் சுவரில் ஒட்டட்டும். தேதி கடந்தும் செய்தி வராத விவகாரத்துக்கு, உரிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதலாம். மைய அரசு அலுவலகமாகவோ தமிழ்நாடு அரசு அலுவலகமாகவோ இருந்தால் கட்டணம் 10 ரூபாய். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளையும் நோட்டில் எழுதிவிடுங்கள். அதிலிருந்து முப்பதாவது நாள்தான் உங்கள் அடுத்த தேதி.